வசனத்துக்கு அரை டிக்கெட் கிடையாது

அந்த அச்சகத்தில் புள்ளி அக்காவின் கண்ணுக்குத் தப்பிய பிழை என்று ஒன்று கிடையாது என்பார்கள். ஒரு மெய்யெழுத்தின் தலையில் புள்ளி விட்டுப்போனால் போதும், சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்துவிடுவாள். பெயர் வந்தது அப்படித்தான். முதலாளி அவளைவிடப் பதினைந்து வயது மூத்தவர், தலையில் மருந்துக்கும் முடி இல்லை. அவரும் "புள்ளி அக்கா, இதைக் கொஞ்சம் பாரு" என்பார். அக்காவும் உண்டு, பாருவும் உண்டு.

அவள் வேலை கல்யாணக் கார்டு. மூன்று மதத்துக்காரர்களும் அங்கேதான் வருவார்கள் என்பதால் கணினியில் மூன்று மாதிரிகள் தயாராக இருக்கும். முஸ்லிம் வீட்டு மாதிரியில் மேலே, இரண்டே வரி பிடிக்கிற ஒரு சின்னப் பெட்டி. அதற்குள், "நல்ல பெண்கள் நல்ல ஆண்களுக்கு, நல்ல ஆண்கள் நல்ல பெண்களுக்கு" என்று இருக்கும். எந்தப் புண்ணியவான் போட்டது என்று முதலாளிக்கே ஞாபகம் இல்லை. மணமக்கள் பேர் மாறும், தேதி மாறும், மண்டபம் மாறும், அந்த இரண்டு வரி மட்டும் மாறாது. அச்சுத் தொழிலில் இருக்கிறவர்களுக்கு ஒரு பொல்லாத குணம் உண்டு. புதிதாக அடித்ததைப் பத்துத் தடவை பார்ப்பார்கள்; மாதிரியிலேயே இருப்பதை ஒரு தடவைகூடப் பார்க்க மாட்டார்கள். புள்ளி அக்காவும் பார்த்ததில்லை.

அவள் பார்க்காததற்கு வேறு ஒரு காரணமும் இருந்தது. அந்தக் குர்ஆன் வசனத்துக்கு இன்னொரு பாதி உண்டு என்பது அவளுக்குத் தெரியும். கெட்ட பெண்கள் கெட்ட ஆண்களுக்கு என்கிற பாதி. அது தன்னைப் பற்றியது என்று எட்டு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தாள்.

அவளுக்கு வாய்த்த புருஷனைப் பற்றி நிறையச் சொல்ல எனக்கு இஷ்டம் இல்லை. வாயைத் திறந்தால் பொய், பையைத் திறந்தால் சீட்டுக்கட்டு, அடுத்த ஊரில் இன்னொரு குடும்பம். அவள் பொறுத்துப் பார்த்து, முடியாமல், விவாகரத்து கேட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். விட்டானா அவன்? தன் தப்பை மறைக்க, "அவ நடத்தை சரியில்லை, நான்தான் விரட்டிவிட்டேன்" என்று டீக்கடையிலிருந்து தொழுகைக்கு நிற்கிற வரிசை வரைக்கும் ஊதிவிட்டுப் போனான். ஊர் வாய்க்கு அல்வா கிடைத்த மாதிரி ஆயிற்று.

அம்மா அப்பா இல்லாதவள். அம்மாவின் அக்கா, பெரியம்மா வீட்டுக்குத்தான் பெட்டியோடு வந்தாள். பெரியம்மா கதவைத் திறந்து, துவாலை கொடுத்து, சோறு போட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, மனசில் எந்த விஷமும் இல்லாமல் அந்தப் பேச்சைச் சொன்னாள். அவன் கெட்டவன்தான், ஆனால் கெட்டவனுக்குக் கெட்டவள்தான் அமைவாள் என்று குர்ஆனிலேயே இருக்கிறதே, உன்னிடமும் ஏதோ இருந்திருக்கும், மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இரு என்றாள். மடியில் சோற்றுத் தட்டு இருக்கையில் எதிர்த்துப் பேச முடியுமா? கேட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும், என்ன பாவம் என்று தெரியாமலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டியில்தான் கண்ணாடிக்கடைக்காரர் வந்து ஏறினார்.

மூக்குக் கண்ணாடி விற்கிறவர். மனைவி இறந்து ஐந்து வருஷம், பிள்ளை இல்லை. கடைக்கு ரசீதுச் சீட்டு அச்சடிக்க வந்தவர், சீட்டு தீருவதற்கு முன்பே மறுபடி மறுபடி சீட்டு அச்சடிக்க வந்தார். அச்சு மெஷின்காரர் சிரித்தார், முதலாளி இருமினார், புள்ளி அக்கா மட்டும் குனிந்த தலை நிமிராமல் அளவு கேட்டு எழுதிக்கொண்டாள். கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய அக்காவே பெரியம்மா வீட்டுக்கு வந்து முறையாகப் பெண் கேட்டாள். அவசரமில்லை, அடுத்த ஞாயிறு வருகிறேன், யோசித்துச் சொல்லுங்கள் என்று போனாள்.

பெரியம்மாவுக்கு அவரைப் பிடித்திருந்தது. அதுதான் சங்கடம். "நல்ல மனுஷன்டீ. நல்லவங்க நல்லவங்களுக்குன்னு ஆண்டவன் சொல்லியிருக்கான். நம்ம கதை வேற. நாளைக்கு அவருக்கு ஏதாவது வந்துச்சுன்னா?" என்று இழுத்தாள்.

புள்ளி அக்காவுக்கும் அதே பயம்தான். அவருக்கு முதல் கல்யாணம் தெரியும், ஊர்ப் பேச்சும் தெரியாமல் இருக்காது. ஆனாலும் ஒரு நல்ல ஆணைத் தான் ஏமாற்றிக் கட்டிக்கொள்கிற மாதிரி அவளுக்கு இருந்தது. அவளுக்கு அவரைப் பிடித்திருந்தது, ஐயா, மறைப்பானேன். அச்சகத்துக்கு அவர் வராத நாளில் கடிகாரம் ஓடவே ஓடாது. அதனால் அந்தப் பைத்தியக்காரி என்ன செய்தாள் தெரியுமா? அவரிடம் ஒரு குறை தேட ஆரம்பித்தாள். ஏதாவது கெட்ட குணம் கிடைத்தால் கணக்கு சரியாகிவிடும், மனசாட்சி உறுத்தாமல் சரி என்று சொல்லிவிடலாம். போகிற வழியில் அவர் கடையை ஓரக்கண்ணால் பார்த்தாள். யாரோ ஒரு கிழவரின் கண்ணாடிக்குக் காசு வாங்காமல் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தார். அடுத்த நாள், யாரோ விட்டுப்போன குடையைச் சொந்தக்காரர் வருகிறவரைக்கும் வாசலில் தொங்கவிட்டிருந்தார். குறட்டை விடுவாரோ என்று நினைத்துச் சற்று ஆறுதல்பட்டாள். அது பாவத்தில் சேராது என்று உடனே தோன்றி, மறுபடி முகம் தொங்கிவிட்டது.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில், செவ்வாய்க்கிழமை ஒரு கண்டக்டர் தன் மகள் கல்யாணத்துக்குக் கார்டு அடிக்க வந்தார். பணி ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும், பஸ்ஸின் பின்பக்கத்தில் நிற்கிறவருக்குக் கேட்க வேண்டும் என்கிற குரலிலேயே பேசினார். மாதிரியைப் பார்த்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"இது பாதி வசனம்தானேம்மா? வசனத்துக்கு என்ன அரை டிக்கெட்டா? முழுசா போடுங்க" என்றார்.

வாடிக்கையாளர் கேட்டால் போட வேண்டியதுதானே. அவர் போன பிறகு புள்ளி அக்கா இணையத்தில் குர்ஆனின் இருபத்து நான்காம் அத்தியாயம், இருபத்தாறாம் வசனத்தை எடுத்தாள். படிக்கவில்லை. படிக்க அவளுக்குத் தைரியம் இல்லை. மனசு வேறு ஞாயிற்றுக்கிழமையிலேயே நின்றது. மொத்தமாக எடுத்து, அந்தச் சின்னப் பெட்டியில் ஒட்டிவிட்டுக் கீழே மண்டபத்தின் முகவரிக்குப் போய்விட்டாள்.

தொழில் தெரிந்தவர்கள் இந்த இடத்திலேயே "ஐயோ" என்பார்கள். பெட்டி இரண்டு வரிக்குத்தான். அதற்கு மேல் எழுத்து இருந்தால் கணினி அதை அழிக்காது. உள்ளேயே மறைத்து வைத்துக்கொண்டு, பெட்டியின் கீழ் மூலையில் பொட்டு அளவுக்கு ஒரு சிவப்புக் குறி காட்டும். இன்னும் இருக்கிறது, பெட்டியை இழுத்து விடு என்று அர்த்தம். ஒற்றைப் புள்ளிக்காகச் சோற்றை விட்டு எழுகிறவள், அந்தச் சிவப்புக் குறியைப் பார்க்கவில்லை.

கண்டக்டராவது பார்த்தாரா என்றால், இல்லை. மாதிரித் தாளில் எல்லாரும் பார்ப்பதைத்தான் அவரும் பார்த்தார். பேர், தேதி, மண்டபம், மாப்பிள்ளை பேருக்குப் பின்னால் படிப்பு. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். புதன்கிழமை மெஷின்காரர் ஐந்நூறு கார்டையும் ஓட்டி, மடித்து, கட்டி வைத்துவிட்டார்.

வியாழக்கிழமை மதியம் கண்டக்டர் மகளையும் அழைத்துக்கொண்டு வந்தார். கல்யாணப் பெண் ஒரு நர்ஸ், காலை டியூட்டி முடித்து நேரே வந்திருந்தாள். கட்டைப் பிரித்து ஒரு கார்டை எடுத்தாள், படித்தாள், இன்னொரு தடவை படித்தாள்.

"அப்பா, மாப்பிள்ளையைப் பத்தி உங்களுக்குத் தெரிஞ்சது ஏதாவது எனக்குச் சொல்லாம விட்டுட்டீங்களா?" என்றாள்.

கார்டின் தலையில், பொன் எழுத்தில், அழகான வளைவோடு, "கெட்ட பெண்கள் கெட்ட ஆண்களுக்கு; கெட்ட ஆண்கள் கெட்ட பெண்களுக்கு" என்று இருந்தது. அதற்குக் கீழே மணமக்கள் பேர்.

கண்டக்டரின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அவருடைய குரல் முதல் தடவையாக முன் சீட்டுக்காரருக்குக்கூடக் கேட்காத அளவுக்கு இறங்கிவிட்டது. முதலாளி வழுக்கைத் தலையில் கையை வைத்துக்கொண்டு அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தார். சத்தம் போட்டுச் சிரித்தது பெண் மட்டும்தான். ஒன்றுகூட வெளியே போகாமல் இருந்ததே என்று சொல்லி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். மாலைக்குள் வேறு கார்டு தருவதாக முதலாளி எல்லாக் கடவுள் மேலும் சத்தியம் செய்தார். அப்பாவையும் பெண்ணையும் உட்கார வைத்துக் குளிர்பானம் வரவழைத்தார். பிறகு புள்ளி அக்காவைப் பார்த்து ஒரு பார்வை பார்த்தார். திட்டியிருந்தாலாவது தேவலை.

புள்ளி அக்கா காது சூடாக, கணினி முன் உட்கார்ந்தாள். தன் மனசில் இருந்தது கார்டிலேயே வந்து விழுந்துவிட்டது என்றுதான் அவளுக்குத் தோன்றியது. பெட்டியைத் திறந்தாள். அப்போதுதான் சிவப்புக் குறி கண்ணில் பட்டது. பெட்டியின் ஓரத்தைப் பிடித்துக் கீழே இழுத்தாள்.

மூன்றாம் வரி வந்தது. நல்ல பெண்கள் நல்ல ஆண்களுக்கு. நான்காம் வரி வந்தது. நல்ல ஆண்கள் நல்ல பெண்களுக்கு. அவ்வளவுதான் என்று நினைத்தாள். குறி போகவில்லை. இன்னும் இழுத்தாள்.

"இவர்கள், அவர்கள் பேசுகிற பேச்சிலிருந்து நீங்கியவர்கள், இவர்களுக்கு மன்னிப்பும் கண்ணியமான வாழ்வாதாரமும் உண்டு."

இந்த வரியை அவள் வாழ்நாளில் தமிழில் கேட்டதில்லை. அரபியில் எத்தனையோ தடவை ஓதியிருக்கிறாள். பெரியம்மா சொன்ன அர்த்தத்தில் இது இல்லை, கார்டிலும் இல்லை. அவள் முதலில் திகைத்தது பிழை பார்க்கிறவளாகத்தான். இவர்கள் என்றால் யார்? அவர்கள் என்றால் யார்? அவர்கள் என்ன பேசினார்கள்? நடுவிலிருந்து தொடங்கும் பத்தி எதுவும் சரியான பத்தி இல்லை, மேலே ஏதோ விட்டுப்போயிருக்கிறது என்று பதினோரு வருஷத் தொழில் அவளுக்குச் சொன்னது.

முதலாளியின் அலமாரியில் மூன்று மதத்துப் புத்தகங்களும் தோளோடு தோள் உரசி நிற்கும். யாரோ ஒரு வாடிக்கையாளர் கொடுத்த, விரிவுரையோடு கூடிய குர்ஆன் மொழிபெயர்ப்பைத் தூசி தட்டி எடுத்தாள். இருபத்தாறிலிருந்து மேல் நோக்கிப் போனாள். இருபத்து மூன்றாம் வசனத்தில், பாவம் அறியாத பெண்கள் மேல் பழி போடுகிறவர்களுக்குச் சாபம். பதினைந்தில், நாக்குக்கு நாக்கு வாங்கிப் பேசினீர்களே, அதைச் சின்ன விஷயம் என்று நினைத்தீர்களே என்கிற கண்டிப்பு. பதின்மூன்றில், நான்கு சாட்சிகளை ஏன் கொண்டுவரவில்லை என்கிற கேள்வி. பதினொன்றில் கதை தொடங்கியது.

விரிவுரை விவரமாகச் சொன்னது. பயணத்தில் தொலைந்த கழுத்து மாலையைத் தேடப் போய், நபியின் மனைவி ஆயிஷா கூட்டத்திலிருந்து பிரிந்து தனியாக நின்றுவிட்டார். பின்னால் வந்த ஒருவர் அவரைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தார். ஊர் பேசியது. ஒரு மாதம் பேசியது. அவர் அழுது அழுது ஓய்ந்தபோது, அவர் மேல் குற்றமில்லை என்று வந்த வசனங்கள்தான் இவை. இருபத்தாறாம் வசனம் அந்தத் தீர்ப்பின் கடைசி வரி. அதில் பெண்கள், ஆண்கள் என்றே பொருள் கொண்டவர்கள் உண்டு; பழைய விரிவுரையாளர்கள் பலர், கெட்ட பேச்சு கெட்டவர்களுக்கே உரியது, நல்ல பேச்சு நல்லவர்களுக்கே உரியது என்று பொருள் சொன்னதும் உண்டு. எப்படி எடுத்தாலும் முடிவு ஒன்றுதான். கெட்ட புருஷன் வாய்த்தவள் கெட்டவள் என்று அதில் எங்கேயும் இல்லை. பேச்சுக்கு ஆளான ஒரு பெண்ணை விடுவிக்க வந்த வசனம் அது.

சந்தோஷத்துக்கு முன்னால் புள்ளி அக்காவுக்கு வந்தது கோபம். எட்டு வருஷம். ஒரு வரியை மேலேயும் கீழேயும் சரிபார்க்காமல் எட்டு வருஷம் தலையில் சுமந்திருக்கிறாள், அதுவும் ஒற்றைப் புள்ளியைக்கூட விடாத அவள். பிறகுதான் நெஞ்சுக்குள்ளிருந்து ஏதோ கழன்று விழுந்த மாதிரி இருந்தது. புத்தகத்தோடு எழுந்து, கண்டக்டரிடம் போனாள்.

இது கல்யாண வசனமே இல்லை என்று அவரிடம் சொன்னாள். பழி சுமத்தப்பட்டவருக்கு வந்த விடுதலை இது, பாதி போட்டாலும் தப்பு, முழுசாகப் போட்டாலும் கார்டுக்குப் பொருந்தாது என்று எடுத்துச் சொன்னாள். அதற்குப் பதிலாக முப்பதாம் அத்தியாயத்தில், கணவன் மனைவிக்கு இடையில் அன்பையும் இரக்கத்தையும் வைத்தான் என்று வருகிற வசனத்தைக் காட்டினாள். கண்டக்டர் வாங்கி இரண்டு தடவை படித்தார்.

"இது முழுசுதானே?"

"முதல் எழுத்துலேர்ந்து கடைசிப் புள்ளி வரைக்கும் பார்த்துட்டேன்" என்றாள்.

இந்தத் தடவை பெட்டியையும் பார்த்தாள். மாலை ஐந்து மணிக்கு ஐந்நூறு கார்டும் தயார். மாதிரியில் இருந்த பழைய இரண்டு வரியை முதலாளியைக் கேட்காமலேயே அழித்துவிட்டு, புத்தகத்தை இரவல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

பெரியம்மா கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து பதினொன்றிலிருந்து இருபத்தாறு வரைக்கும் வாசித்துக் காட்டினாள். பெரியம்மா பாதியில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மார்க்கம் படித்த ஆலிம் மாதிரி பேசாதே, நாலு எழுத்து அடிக்கத் தெரிந்தால் மார்க்கம் தெரிந்துவிடுமா, பெரியவர்கள் எல்லாம் சொன்னது பொய்யா என்று கேட்டுக்கொண்டே, ஏற்கெனவே மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடித்தாள்.

புள்ளி அக்கா சண்டை போடவில்லை. வேறு பக்கத்தைத் திருப்பினாள். அறுபத்தாறாம் அத்தியாயத்தில், நம்பிக்கை கொண்டவர்களுக்கு எடுத்துக்காட்டாக ஒரு பெண்ணைச் சொல்லியிருந்தது.

"ஃபிர்அவ்னைவிடக் கெட்டவன் உண்டா பெரியம்மா?"

"இல்ல."

"அவன் பொண்டாட்டி கெட்டவளா?"

பெரியம்மாவின் கை நின்றுவிட்டது. அந்த எகிப்துக் கொடுங்கோலனின் வீட்டிலேயே இருந்துகொண்டு இறைவனை நம்பிய அவன் மனைவியின் பெருமையை அவளே எத்தனை பிள்ளைகளுக்குக் கதையாகச் சொல்லியிருக்கிறாள். மடியில் இருந்த சட்டையைத் தடவிக்கொடுத்தாள். பிறகு பேசியபோது அது அவளுடைய குரல் மாதிரியே இல்லை.

"உங்க பெரியப்பா கை நீட்டுவாரு. உங்கம்மாவுக்குக்கூடத் தெரியாது. முப்பத்தோரு வருஷம். ஒவ்வொரு தடவையும் நான் என்ன தப்பு பண்ணேன்னுதான் தேடுவேன். எங்க மாமியார் எனக்கு இந்த வசனத்தைத்தான் சொன்னாங்க. அதையேதான் நான் உனக்குச் சொன்னேன்."

புள்ளி அக்காவுக்கு மறைந்த பெரியப்பாவின் முகம் நினைவுக்கு வந்தது. வரும்போதெல்லாம் கைநிறைய மிட்டாய் கொண்டுவந்த பெரியப்பா. அவள் பெரியம்மாவின் தோளில் சாய்ந்துகொண்டாள். பெரியம்மா அழவில்லை. மூக்கை உறிஞ்சிக்கொண்டு, அந்தக் கடைசி வரியை இன்னொரு தடவை படி என்றாள். படித்தாள். இன்னொரு தடவை என்றாள். மூன்றாம் தடவை பெரியம்மாவும் கூடச் சேர்ந்து சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை கண்ணாடிக்கடைக்காரரின் அக்கா சொன்ன நேரத்துக்கு வந்தாள். நல்ல பெண்மணி, சுற்றி வளைத்துப் பேசத் தெரியாதவள். தம்பி எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஆனால் நாளைக்கு நாலு பேர் என்னைக் கேட்பார்கள், அதனால் கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று ஆரம்பித்து, அந்தப் பழைய ஊர்ப் பேச்சை மெல்லக் கேட்டுவிட்டாள். புள்ளி அக்கா உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தாள். இத்தனை வருஷமாக இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் பெரியம்மா, எல்லாம் விதி என்று சொல்லி, தலையைக் குனிந்து, பேச்சை மாற்றிவிடுவாள்.

இந்தத் தடவை பெரியம்மா தலையைக் குனியவில்லை.

"நீங்க கேட்டது பொய்ம்மா. அவன் கிளப்பிவிட்ட பொய். பொய்னு அன்னைக்கே நான் வாசல்ல நின்னு சொல்லியிருக்கணும். வாயை மூடிட்டு இருந்தேன். அதுவும் பத்தாதுன்னு இவ மேலயே குறை சொன்னேன். அந்தப் பாவம் என்னோடது. எங்க பொண்ணு மேல ஒரு குத்தமும் கிடையாது. யார் கேட்டாலும் என்கிட்ட அனுப்புங்க, நான் சொல்றேன்."

கதவுக்குப் பின்னால் நின்றவளுக்கு, புத்தகத்தில் படித்தபோதுகூட வராத அழுகை இப்போது குபுகுபுவென்று வந்தது. ஒரு மனுஷ வாய், இன்னொரு மனுஷர் எதிரில், இந்த வார்த்தையைச் சொல்ல வேண்டும் என்று எட்டு வருஷமாகத் தான் காத்திருந்தது, கேட்ட பிறகுதான் அவளுக்கே தெரிந்தது.

வந்தவள் எழுந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு இது போதும், தம்பிக்கு என்ன பதில் சொல்லட்டும் என்று கேட்டாள். பெரியம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் கதவு திறந்தது. புள்ளி அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே வந்து பெரியம்மாவின் பக்கத்தில் நின்றாள்.

"சரின்னு சொல்லுங்க" என்றாள்.